சட்டையில் அச்சடித்த முகம்

பதினேழு வயதில் நொமோண்டே ஒரே ஒரு முறை கையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அந்தக் கையைக் கீழே போட யாரும் அவளை விடவில்லை.

1985 ஆகஸ்டில், வாடகையை ஏற்றியதை எதிர்த்து எந்தபேனி என்ற கறுப்பர் குடியிருப்பிலிருந்து டவுனுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் பாலத்தில் மறித்துச் சுட்டது. ஏழு பேர் செத்தார்கள். கவச வண்டிக்கு எதிரே, கிழிந்த பள்ளிச் சீருடையில், முஷ்டியை உயர்த்தி வாய் பிளந்து நின்ற பெண்ணை ஒரு பத்திரிகைக்காரன் படம் எடுத்தான். எதற்காகக் கையைத் தூக்கினோம் என்பது நொமோண்டேவுக்கே சரியாக நினைவில்லை. பயத்தில் யாரையோ கூப்பிட்டிருக்கலாம். வெள்ளையர் ஆட்சி போய்ச் சுதந்திரம் வந்தது. படம் பாடப்புத்தகத்தில் ஏறியது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவளை மேடையில் உட்கார வைத்துத் தோளில் ஒரு போர்வையைப் போர்த்தினார்கள்.

மற்ற மாதங்களில் அவளுக்கும் வயிறு இருந்தது. கேப் டவுனில் ஒரு வீட்டில் வேலைக்குப் போனாள். அந்த வீட்டுப் பிள்ளை பள்ளிப் புத்தகத்தைக் காட்டி, "இது நீங்கதானே?" என்று கேட்டது. மறுவாரம் எஜமானியம்மா, "தப்பா நினைக்காதே, எனக்கு என்னமோ போல இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். புருஷன் சுரங்க வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. பிற்பாடு டயர் கடை வைத்திருந்த ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். "பாலத்துப் பொண்ணு போயும் போயும் டயர் ஒட்டுறவனையா?" என்று கட்சிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அந்த மனுஷன் ஊரை விட்டே போய்விட்டான்.

கடைசியில் கவுன்சிலர் ம்லுங்கிசிதான் வழி செய்தார். அவரும் அன்றைக்குப் பாலத்தில் நின்றவர். நகராட்சி அலுவலக வாசலில் அவளுக்குக் காவல் வேலை. பழுப்புச் சீருடை, தொப்பி, இடுப்பில் சாவிக்கொத்து. அந்தச் சம்பளத்தில்தான் மகள் சினாசோவும் பேரப்பிள்ளைகள் இரண்டும் சாப்பிட்டார்கள்.

அவளுக்கு ஐம்பது நடந்த வருஷம் எந்தபேனியில் குழாய்கள் காய்ந்துபோயின. லாரித் தண்ணீர் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. நினைவு நாள் விழாவுக்கு மட்டும் நகராட்சி வளாகத்தில் பந்தல் போட்டுப் பாட்டில் தண்ணீரை அடுக்கடுக்காக இறக்கினார்கள். செய்தி ஊருக்குள் போனது. காலை பத்து மணிவாக்கில் காலி வாளிகளைத் தட்டிக்கொண்டு கூட்டம் வந்துவிட்டது. எல்லோர் சட்டையிலும் நெஞ்சில் அச்சடித்த பதினேழு வயது நொமோண்டே கையைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"கேட்டைப் பூட்டு!" என்றார் கவுன்சிலர். மேடை ஏறும்வரை வாசலில் காவலுக்கு நின்ற நொமோண்டே பூட்டினாள்.

முன்வரிசையில் ஸுகிஸ்வா நின்றாள். பள்ளிக்கூட வாசலில் மாவு உருண்டை பொரித்து விற்பவள், எதையும் உரக்கப் பேசுபவள். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்ற சீருடையைப் பார்த்து இடுப்பில் கைவைத்தாள்.

"ஏங்க்கா, எங்க சட்டையிலயும் நீ, கேட்டுக்கு அந்தப் பக்கமும் நீயா? ரெண்டு சம்பளமா?"

கூட்டம் சிரித்தது.

"ஸுகிஸ்வா, போயிரும்மா. எனக்கு வேலை போயிடும்."

"எனக்குப் போறதுக்கு வேலையே இல்லையேக்கா! தண்ணியில்லாம மாவு எதுல பிசைய? எச்சிலுலயா?"

கவுன்சிலர் பின்னாலிருந்து ஒலிபெருக்கியை நீட்டினார். "தோழர், நீங்க சொன்னா கேப்பாங்க. ரெண்டு வார்த்தை பேசுங்க."

"என்னத்தச் சொல்றது தோழர்?"

"பொறுமையா இருக்கச் சொல்லுங்க."

"என் வீட்டுக் குழாயிலயும் காத்துதான் வருது."

"அதை ஏன் இப்பச் சொல்றீங்க?" என்று பல்லைக் கடித்தார் கவுன்சிலர்.

ஒலிபெருக்கி அவள் கையில் இருந்தது. கூட்டம் அதைப் பார்த்துவிட்டுப் பாலத்தில் அன்றைக்குப் பாடிய பாட்டை எடுத்தது. ஆயிரம் கைகள் உயர்ந்தன. "கையைத் தூக்குக்கா!" என்று கத்தினார்கள். அவள் தூக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஓடி ஒளிய இடமும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளையைப் போல மூத்திரம் முட்டியது.

அப்போது தெருமுனையிலிருந்து போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டு போட்டது. பின்னால் நின்றவர்கள் முன்னால் பாய்ந்தார்கள். முன்னால் நின்றவர்கள் கம்பியோடு நசுங்கினார்கள். பாட்டு அலறலாக மாறியது. ஸுகிஸ்வாவின் கை தோள்வரை கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. அவளுக்கு வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. முகம் நீலம் பாரித்தது.

"திறக்காதே!" என்றார் கவுன்சிலர். "திறந்தா உன் வேலை இல்ல!"

நொமோண்டே சாவியைப் போட்டுத் திருகினாள். கேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். கூட்டம் அவளை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே சரிந்தது. ஸுகிஸ்வா தரையில் விழுந்து இருமினாள். மூச்சு வந்துவிட்டது. நொமோண்டே அவள் முதுகைத் தடவிக்கொண்டே கண்ணெரிச்சலில் அழுதாள்.

எவனோ போனில் படம் எடுத்திருந்தான். சீருடையில் ஒரு கிழவி, புகை நடுவே, கேட்டைத் திறந்துபிடித்து நிற்கிறாள். அன்று மாலைக்குள் நாடு முழுக்க அந்தப் படம் போய்விட்டது. 'மறுபடியும் எழுந்தாள் பாலத்துப் பெண்' என்று போட்டார்கள். மறுநாள் வேலை போனது.

இளைஞர்கள் வீட்டுக்கு வந்து கட்டிப்பிடித்தார்கள். "இனிமே எல்லா ஊர்வலத்துக்கும் நீங்கதான்மா முன்னாடி!"

"அவ மூச்சு முட்டிச் சாகப் போனாப்பா. அதான் திறந்தேன்," என்றாள்.

"அடக்கத்தைப் பாரு!" என்று கை தட்டினார்கள்.

சினாசோ அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கை தட்டறவங்க யாராவது ஒரு மூட்டை சோளமாவும் கொண்டுவந்தீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த ஆகஸ்டுக்கு ஒரு வாரம் முன்னால் கவுன்சிலரின் கார் வந்தது. மேடையில் வந்து உட்கார்ந்தால் வேலையைத் திரும்பத் தருவதாகச் சொன்னார். கேட்டில் நடந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேரப்பிள்ளைகளைப் பார்த்தாள். "போர்வை வேண்டாம்," என்று மட்டும் சொன்னாள். "முன்னாடி போர்த்தினதெல்லாம் மடிச்சபடியே கிடக்கு."

"அது நிகழ்ச்சிநிரல்ல இருக்கே தோழர்," என்றார் அவர்.

விழாவுக்கு முந்தின நாள் லாரி வந்தது. வரிசையில் நின்று பிடித்த தண்ணீரைத் தலையில் சுமந்துகொண்டு நொமோண்டே வீட்டுக்கு நடந்தாள். தெருவின் குறுக்கே பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த முறை பாலமும் கேட்டும் சேர்த்து இரண்டு படம். ஏணியில் நின்ற நகராட்சி ஆள் கீழே பார்த்தான். வாளிக்கு அடியில் இருந்த முகத்தை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"யம்மா, நேரா இருக்கா பாத்துச் சொல்லுங்க!"

கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

"இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்குப்பா. ஏத்திக் கட்டு," என்றாள்.