குனிந்து நடக்கும் வீடு

நியூசிலாந்தின் மனுரேவாவில் நான் தங்கியிருந்த வீட்டுச் சோபாவின் ஜன்னலோர மூலையில் ஒருவரும் உட்காருவதில்லை. ஆனால் அதைத் தாண்டிப் போகிற எல்லோரும் குனிந்து, கையைத் தாழ்த்தி, "துலோ" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஆட்களுக்குக் குறுக்கே நடக்கும்போது சமோவாத் தீவுக்காரர் அப்படிச் சொல்வது வழக்கம். மன்னியுங்கோ, மறைக்கிறன் என்பது போல. அருமையான பழக்கம். எங்கட கலியாண வீடுகளில் வீடியோக்காரருக்கு ஆராவது இதைக் கற்றுக்கொடுத்தால் தாலி கட்டுவதை நாங்களும் பார்ப்போம். ஆனால் ஆளே இல்லாத மூலைக்கு என்ன மரியாதை?

நான் அங்கே போனது ஒரு தொண்டர் பயிற்சிக்காக. சாகக்கிடக்கிறவர்களின் வீட்டுக்குப் போய், பக்கத்தில் இருந்து, கை பிடித்து, கேட்டதற்கு மறைக்காமல் பதில் சொல்லுகிற வேலை. தெற்கு ஓக்லாந்தில் நாங்கள் போகப்போகிற வீடுகளில் பல பசிபிக் தீவுக்காரருடையவை என்பதால், முதலில் ஒரு குடும்பத்தோடு கொஞ்சக் காலம் இருந்து பழகுங்கள் என்றார்கள். அதே நகரத்தில், ஒனிஹங்காவில் ஒற்றை அறையில் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு மலியா என்ற சமோவப் பெண்ணின் வீடு கிடைத்தது. அவளும், புருஷன் தவித்தாவும், பள்ளிக்கூடம் போகிற மகள் லூபேயும். தேங்காய்ப்பாலில் அவித்த இலையை முதல் நாள் தட்டில் வைத்தபோது, அட, இது எங்கட கீரைக்கறியின் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சந்தோசப்பட்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே பிழை விட்டேன். தேவாலயம் முடிந்து வீடு நிறையச் சனம். எங்கட ஊரில் வந்த ஆள் நின்றுகொண்டிருந்தால் வீட்டுக்காரருக்குக் குறை. அந்த நினைப்பில், காலியாகக் கிடந்த ஒரே இடத்தில் போய் இருந்துவிட்டேன், ஜன்னலோர மூலையில். கதைத்துக்கொண்டிருந்த சனம் என்னைத் திரும்பிப் பார்த்தது. மலியா கோபப்படவில்லை. சாப்பாட்டுத் தட்டை என் கையில் தந்து, தணிந்த குரலில் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி இரு. இயோவானேவுக்கும் இடம் வேணும்."

சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. தள்ளி இருந்தேன். பக்கத்து மெத்தை இலேசாகப் பதிந்து கிடந்தது. பழைய சோபா, அதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கோப்பை கழுவும்போது லூபே சொன்னாள்: இயோவானே அவளுடைய அண்ணன். பாறையில் நின்று மீன் பிடித்தவனை அலை கொண்டுபோய்விட்டது. உடம்பு கிடைக்கவில்லை. "பயப்படாதே, அவன் நல்லவன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கோப்பையைத் துடைத்தாள். பயிற்சிக்கு வந்த இன்னொரு சமோவப் பெண்ணிடம் இது உங்கள் வழக்கமா என்று கேட்டேன். துலோ சொல்லுவோம், ஆனால் இப்படி இல்லையே என்றவள், அதற்குமேல் அந்தக் கதையை எடுக்க விடவில்லை.

எங்களுக்கும் ஒரு அண்ணா இருந்தான். இருந்தான் என்று எழுதவே கை கூசுகிறது. இலங்கைப் போரின் கடைசி மாதத்தில் காணாமல் போனவன். அன்றிலிருந்து யாழ்ப்பாணத்துப் புலோலியில் எங்கள் வீட்டுக் கதவை அம்மா பூட்டியதில்லை, வீட்டை விட்டு வெளியே ஒரு இரவு தங்கியதுமில்லை. இப்போது அவவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் செய்தே ஆகவேணும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மா மாட்டாவாம். அவன் வந்து பார்க்க வீடு பூட்டிக் கிடந்தால்? வேறு ஆரையும் வீட்டில் இருத்தவும் விடமாட்டா. வேற்று முகத்தைக் கண்டு திரும்பிப் போய்விடுவானாம். தங்கச்சி வதனி ஒவ்வொரு நாளும் போனில் அழுதாள்.

"அண்ணா செத்துப்போனான் எண்டு நீ சொல்லு அக்கா. நீ சொன்னா அம்மா கேப்பா."

"நான் என்ன யமன்ர தரகரே?" என்று கத்தினேன்.

துணி மடித்துக்கொண்டிருந்த மலியாவிடம் ஒருநாள் கேட்டேன்: இயோவானே திரும்பி வருவான் என்று நம்புகிறாயா?

"இல்லை. செத்துப்போனான். பாட்டுப் பாடி அனுப்பிவிட்டோம்."

"அப்படியென்றால் அந்த மூலை?"

"செத்தால் வீட்டை விட்டுப் போகவேணும் என்று யார் சொன்னது?"

எனக்குப் பொறாமையாக இருந்தது. அவளுக்கும் உடம்பு கிடைக்கவில்லை. ஆனால் அவள் கதவைப் பூட்டுகிறாள், திறக்கிறாள்.

சனிக்கிழமை பின்னேரம் வதனி போன் எடுத்தாள். வாகனம் வாசலில் நிற்கிறது, இன்றைக்கு ஆஸ்பத்திரி வாட்டில் சேராவிட்டால் இனி எப்போது இடம் வருமோ தெரியாது, அம்மா படியிறங்கவில்லை. மலியா வீட்டார் கடைக்குப் போயிருந்தார்கள். சோபாவுக்கு முதுகைக் காட்டி நிலத்தில் இருந்துகொண்டு அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன். வதனி கேட்டதைச் சொல்லிவிடுவது என்று தொடங்கினேன்.

"அம்மா, அண்ணா…"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "பின்னால இருக்கிற பொடியன் ஆர்?"

திரும்பினேன். திரைச்சீலைகூட அசையவில்லை. "ஒருத்தருமில்லை அம்மா."

"எனக்கென்ன கண் தெரியாதே? ஜன்னலடியில." இப்போதும் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்கிற மனிசி. போனை முகத்தோடு சேர்த்துப் பிடித்தா. "ஐயோ, உன்ர அண்ணாவெல்லே! என்ர ராசா, மெலிஞ்சு போனான். அங்கயே வந்தவன்? சாப்பாடு குடுக்கினமோ?"

மறைக்காமல் பதில் சொல்லப் பழகுகிறவள் நான். செத்துப்போனான் என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அப்போது எனக்குப் பின்னால், ஆரோ தள்ளி இருந்ததுபோல் சோபா முனகியது.

"குடுக்கினம் அம்மா" என்றேன்.

"அப்ப சரி. அவன் உன்னோட எண்டா நான் ஏன் இஞ்ச காவல் கிடக்கிறன்? எடி வதனி, அந்தப் பையைத் தூக்கு."

போனை மேசையில் வைத்துவிட்டு, மறந்து எழும்பிப் போய்விட்டா. திரையில் எங்கள் வீட்டு முகடு மட்டும் தெரிந்தது. செருப்புச் சத்தம். கதவு சாத்துப்படும் சத்தம். துருப்பிடித்த பூட்டுக்குள் திறப்பு மாட்டுப்பட்டு, திணறி, சுழன்றது. வாகனம் புறப்பட்டுப் போனது.

கோலை நிற்பாட்ட எனக்கு மனம் வரவில்லை. அண்ணா வந்தால் அந்த வீட்டில் ஒரு ஆளாவது இருக்கவேணுமே.