ஏழு டப்பி, ஒரே அமீபா

பென்னலூர் பக்கம் ஒரு பிரேக் கம்பெனி கேன்டீனில் இட்லி ஊற்றும் லூர்தம்மாளுக்கு வயிறு ஒருநாளும் மக்கர் செய்ததில்லை. அந்தப் புகழால் கூடுதல் பொறுப்பு ஒன்றும் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேன்டீன் ஆட்கள் ஏழு பேரும் மலப் பரிசோதனைக்கு டப்பி கொடுக்க வேண்டும். ஏழையும் அவரே நிரப்பிவிடுவார்.

“யக்கா, எனக்கும் கொஞ்சம் குடுக்கா,” என்று வந்து நிற்பான் சட்னி அரைக்கும் சுப்பராயன்.

“இன்னாடா, ஊறுகாயா கேக்கற?” என்பார். ஆனாலும் இல்லையென்று சொன்னதில்லை.

1991 ஆடியில் நாற்பது தொழிலாளிகளுக்குச் சீதபேதி கண்டது. லைன் நின்றுபோய், கூட்டமெல்லாம் கக்கூஸ் வாசலுக்கு மாறியது. இம்முறை லேபில் நிஜமாகவே டப்பியைத் திறந்து பார்த்தார்கள். ஏழிலும் அமீபா! மேனேஜர் கோதண்டராமன் ஏழு பேரையும் வேலையை விட்டு நிறுத்தக் கடிதம் அடித்து வைத்தார். கரண்டியை விட்டால் லூர்தம்மாளுக்கு வேறு பிழைப்பில்லை.

கிருமி ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒருவர் சென்னையிலிருந்து வந்து, புதிதாக ஏழு டப்பி வாங்கிப்போனார். அதையும் லூர்தம்மாளே நிரப்பினார். பத்து நாள் கழித்து டாக்டரம்மா திரும்பி வந்து எல்லோரையும் கூப்பிட்டார்.

“இந்த அமீபாவுல ரெண்டு வகை. பார்வைக்கு ஒண்ணுதான், மரபணு வேற. ஒண்ணு குடலை அரிக்கும். இன்னொண்ணு சும்மா குடியிருக்கும். உங்க ஏழு பேருக்கும் இருக்கறது சாது வகை. வேலைக்கு ஆபத்தில்ல.”

சுப்பராயன் கும்பிட்டான்.

“ஆனா ஏழும் அச்சு அசலா ஒண்ணா இருக்கே? கூடப் பொறந்தவங்களுக்கே இப்படி ஒத்துப்போகாதே!” என்றார் டாக்டரம்மா.

வாயைத் திறக்காவிட்டால் லூர்தம்மாளுக்கு வேலை நிச்சயம். ஆனால் காலையிலிருந்து சுப்பராயன் அம்மிக்கும் கக்கூஸுக்குமாக நாலு நடை நடந்ததை அவர் பார்த்திருந்தார். அந்தச் சட்னியைத்தான் மத்தியான ஷிப்டு சாப்பிடப்போகிறது.

“ஏழும் என்னுதுதாம்மா,” என்றார்.

“அடப்பாவி யக்கா!” என்றான் சுப்பராயன்.

தனித்தனியாக வாங்கிப் பார்த்ததில், கெட்ட வகை அவனிடம் இருந்தது. மாத்திரையும் சம்பளத்தோடு லீவும் கொடுத்து அனுப்பினார்கள். நோயே இல்லாத லூர்தம்மாளுக்கு மூன்று நாள் சஸ்பென்ஷன். ‘தமக்குரியதை அனுமதியின்றிப் பிறருக்கு வழங்கியது’ என்பது குற்றச்சாட்டு. அதில் பொய் ஒன்றும் இல்லாததால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நாலாம் நாள் காலை ஷிப்டுக்கு இட்லி ஊற்ற வந்தார்.