சுகந்தியின் ஸ்டிக்கர் பொட்டும் எட்டு கேபி சிப்பும்

சுகந்தி போயிட்டாங்க. காலையில் அவங்க தங்கச்சி போன் செய்து சொன்னாங்க... இன்னும் ஒரு வேலையும் ஓடவில்லை.

தொண்ணூறுகளில் துடியலூரில் ஒரு சின்ன கம்பெனி. ஸ்பின்னிங் மில் மெஷின்களுக்கு கன்ட்ரோல் போர்டு செய்வோம். புரோகிராம் எழுத ரெண்டே பேர், நானும் சுகந்தியும்.

சிப்பில் இடம் எட்டு கேபி, எட்டாயிரத்துச் சொச்சம் பைட். இன்றைக்கு போனில் வரும் ஒரு குட்மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது.

சூலூர் மில் ஒன்றுக்கு நான் எழுதியது கம்பைல் ஆகி சிப்பின் மொழிக்கு மாறியதும், எட்டு கேபிக்கு மேல் முந்நூறு பைட் போய்விட்டது. போர்டெல்லாம் ரெடி, மறுநாள் டெலிவரி. "முடிஞ்சுதுங்க சார்" என்று முதலாளியிடம் வேறு வாயை விட்டிருந்தேன்.

எதையாவது தூக்கித்தான் ஆகணும். மெஷின் கதவைத் திறந்தால் மோட்டாரை நிறுத்தும் பகுதியை அழிக்கப் போனேன். ஓடும்போது யார் திறக்கப் போறாங்க... பக்கத்து சீட்டில் இருந்து சுகந்தி பார்த்துட்டாங்க.

"ஏனுங்க முரளி, அதை எடுத்துப்போடாதீங்க. பஞ்சு அடைச்சா கையத்தான் உள்ள உடுவாங்க."

"அப்ப எடத்துக்கு எங்கீங்க போறது?"

"உங்க புரோகிராம்லயே இருக்குதுங்க."

கம்பைலர் தந்ததை முழுக்க பிரின்ட் எடுத்தாங்க. ஹேண்ட்பேக்கில் இருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டை வந்தது. ஒரே மாதிரி வரிகள் வரும் இடமெல்லாம் ஒரே கலர் பொட்டு. பச்சை மட்டும் ஒன்பது இடத்தில்... நான் காப்பி பண்ணி ஒட்டிய லட்சணம் அப்படி.

அந்த வரிகளை ஒரே இடத்தில் வைத்து, தேவைப்படும்போதெல்லாம் புரோகிராம் அங்கே போய்வர வைத்தாங்க. சிவப்புக்கும் அப்படியே. போர்டு செய்யும் ஒரு வேலையும் குறையவில்லை. சாயங்காலம் எல்லாம் எட்டு கேபிக்குள் அடங்கி, இருபது பைட் மிச்சம். பொட்டு அட்டைதான் காலி.

முதலாளி என்னைத் தட்டிக்கொடுத்தார். நான் சுகந்தி பேரைச் சொல்லவில்லை. சுகந்தியும் காட்டிக்கொடுக்கவில்லை.

ரெண்டு வருஷம் கழித்து அந்த மில்லுக்கு சர்வீஸுக்குப் போனேன். ஓடிக்கொண்டிருந்த மெஷின் கதவை ஒரு அம்மா சட்டென்று திறந்தாங்க. நின்றது. உள்ளே கைவிட்டுப் பஞ்சை இழுத்துப் போட்டுவிட்டு, கதவைச் சாத்தி, அடுத்த மெஷினுக்குப் போயிட்டாங்க.

எஸ்டிடி பூத்தில் இருந்து சுகந்தியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நின்னுச்சுங்களா?"

"நின்னுச்சுங்க."

"அப்பறம் என்னங்க. சாப்பிட்டீங்களா?"

அன்றைக்கும் நன்றி சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

அந்த எட்டு கேபி உங்க வேலைங்க, சுகந்தி. முதலாளிகிட்டச் சொல்லாததை இப்பத்தான் எல்லார் முன்னாடியும் சொல்றேன்... ரொம்ப நன்றிங்க. போயிட்டு வாங்க.