குறட்டையை நம்பி ஏறிய பஸ்

ஒரகடத்தில் எங்கள் கம்பெனி பஸ்கள் நிற்கும் இடத்தில், பகல் வெயிலில், அந்தக் குறட்டைதான் முதலில் கேட்கும். காலை ஷிப்ட் முடித்து வெளியே வருவோம். குன்றத்தூருக்கு இரண்டு பஸ். பெண்கள் எல்லோரும் குறட்டை வருகிற பஸ்ஸில்தான் முண்டியடித்து ஏறுவோம். இப்படி அடித்துப் போட்டதுபோலத் தூங்கி எழுகிற டிரைவர் வழியில் கண் அசரமாட்டார் என்பது எங்கள் கணக்கு. அடடா, என்ன கணக்கு!

டிரைவர் அண்ணன் பருத்த கழுத்துக்காரர், சிரித்த முகம். தெற்கத்திப் பெண்ணான என்னைச் சீண்டாமல் வண்டியை எடுக்கமாட்டார். "இன்னாம்மா, உங்கூர்ல ஹாரனுக்குப் பதிலா 'ஏலேய்'னு கத்துவீங்களா?" நானும் விடமாட்டேன். "உங்க குறட்டை இருக்கையில ஹாரன் எதுக்குண்ணே?"

ஒருநாள் சேரப்பணஞ்சேரி தாண்டியதும் பஸ் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. முன் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தால், அண்ணனின் தலை நெஞ்சில் தொங்குகிறது. "யண்ணே!" என்று அலறினேன். பதறிப்போய் பிரேக்கை மிதித்தார். சக்கரம் மண்ணில் இறங்கி நின்றது. சற்றுத் தள்ளி, பஸ்ஸுக்காக நின்றிருந்த பள்ளிப் பிள்ளைகள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நல்லாத்தானம்மா தூங்குனேன்" என்றார், அழாத குறையாக. பொய்யில்லை, அவருக்கே தெரியாது. கம்பெனி டாக்டர் குறட்டையைப் பற்றி விசாரித்து, தூக்கப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் விளங்கியது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிறதாம்; எவ்வளவு நேரம் படுத்தாலும் அது தூக்கமே இல்லையாம். இன்றைக்கும் யாராவது தன் குறட்டையைப் பெருமையாகச் சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முதலில் டாக்டரைப் போய்ப் பார் என்பேன்.

பரிசோதித்த ஆஸ்பத்திரியில், மாஸ்க் மாட்டி, காற்றை ஊதும் மிஷினோடு தினமும் தூங்கவேண்டும், டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். மற்ற டிரைவர்கள் காதைக் கடித்தார்கள். "ரிப்போர்ட்ட கம்பெனில காட்டாத, பொழப்பு பூடும். டீய குடிச்சினு சமாளி." அண்ணனுக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேறு தொழில் தெரியாது. ஆனாலும் மறுநாளே சாவியை டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் கொடுத்துவிட்டார். "இத்தினி பொண்ணுங்கள வச்சினு இன்னா சார் சமாளிக்கிறது? டாக்டர் சொல்லட்டும், அப்பால வாங்கிக்கிறேன்" என்றாராம். அதுவரை ஸ்டோரில் பெட்டி அடுக்கினார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அன்றுதான். அதற்குமுன் இருந்தது வெறும் பிரியம்.

மிஷினை முதலில் திட்டித் தீர்த்தார். "மூஞ்சில தும்பிக்கை கட்டின மாரி கீதும்மா." பிறகு ஒருநாள் கேன்டீனில் தானாகவே வந்து சொன்னார். "இப்பல்லாம் காலைல தல வலிக்கல. வூட்டுக்காரிதான் பயந்துபூட்டா. சத்தமே காணோமேன்னு நெஞ்சுல கைய வச்சிப் பாத்தாளாம்."

டாக்டர் சம்மதித்து அவர் திரும்பி வந்த அன்று, பஸ் கதவருகே நாங்கள் தயங்கி நின்றோம். உள்ளதைச் சொன்னால், பயம்தான். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் என் கண்ணுக்குள்ளேயே நின்றார்கள். அண்ணன் பக்கத்து பஸ்ஸைக் கைகாட்டி, "அதுல போறதுன்னா போங்கம்மா, நா ஒண்ணும் நெனைக்கமாட்டேன்" என்றார். ஓட்டமாட்டேன் என்று தானாகச் சொன்ன மனுஷனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? நான் ஏறினேன். என் பின்னாலேயே மற்றவர்களும் ஏறினார்கள்.

அலறிய நாளிலிருந்து அதுவரை எந்த பஸ்ஸிலும் நான் கண்ணை மூடியதில்லை. யார் ஓட்டினாலும் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவேன். அன்றைக்கு, "குன்றத்தூர் வந்துட்ச்சும்மா, எழுந்திரு" என்று அண்ணன்தான் வந்து என்னை எழுப்பினார்.