ஸ்பானிஷ் படிக்க ரெக்ஸ்டேலுக்கு இரண்டு வாரம்

ஸ்பானிஷ் படிக்க வேண்டும் என்ற ஆசை வந்ததற்கான காரணம் கொஞ்சம் வெட்கமானது. அஜின்கோர்ட்டில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். என்னுடைய வரிசையில் நிற்கும் ஆறு பெண்களும் மெக்சிகோவிலிருந்தும் கொலம்பியாவிலிருந்தும் வந்தவர்கள். நான் பக்கத்தில் போனால் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள். என்னைப் பற்றித்தான் என்று எனக்கு நிச்சயம்.

கடந்த ஜூலையில் இரண்டு வார விடுமுறை கிடைத்தது. மெக்சிகோ போய்ப் படிக்க 2,700 டொலர் கேட்டார்கள். அப்போதுதான் நூலகத்தில் ஓர் அறிவித்தல் கண்ணில் பட்டது. எங்கள் நகரத்தின் மறு கோடியிலுள்ள ரெக்ஸ்டேலில், எக்குவடோரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மார்த்தாவின் வீடு. தங்குமிடம், மூன்று நேரச் சாப்பாடு, தினமும் காலையில் மூன்று மணித்தியால வகுப்பு, எல்லாம் சேர்த்து இரண்டு வாரத்துக்கு 850 டொலர். வீட்டுக்குள் ஆங்கிலம் பேசக் கூடாது.

“உந்த ரெக்ஸ்டேலுக்குப் போறதுக்கு உமக்கு ஏன் சூட்கேஸ்? பின்னேரம் நான் காரிலை வந்து ஏத்துறன்,” என்றார் கணவர்.

“வேண்டாம். நான் வெளிநாட்டுக்குப் போறன் எண்டு நினையுங்கோ.”

காரில் முப்பது கிலோமீட்டர். நான் பஸ், சப்வே, மறுபடியும் பஸ் என்று போனேன். ஞாயிறு காலை 9.10க்கு வெளிக்கிட்டு 11 மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறியதால் ஒரே கட்டணம், 3.30 டொலர்.

மார்த்தாவின் கணவர் ஹெக்டர் உருளைக்கிழங்கு சூப் வைத்திருந்தார். போதும் என்று சொல்லத் தெரியாமல் மூன்று கோப்பை குடித்தேன். அந்த வீட்டில் நான் முதலில் படித்த சொல் ‘பாஸ்தா’, போதும்.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில் துணிந்து கேட்டேன். வேலையிடத்துப் பெண்கள் என்னைக் கண்டதும் ‘தோஞா கெதியா’ என்கிறார்கள், அது என்ன? தோஞா என்றால் அம்மணி என்பது போல ஒரு மரியாதைச் சொல்லாம். மற்றதை மார்த்தா கேள்விப்பட்டதே இல்லை. ஹெக்டர் அகராதியைப் புரட்டினார். அதிலும் இல்லை. எழுதிக் காட்டச் சொன்னார் மார்த்தா. நான் எழுதியதை விரலால் தொட்டு, மிக மெதுவாக வாசித்தார்: “கெ… தி… யா.”

அப்போதுதான் விளங்கியது. அது என்னுடைய சொல், ‘சீக்கிரம்’ என்பதற்கு எங்கள் ஊர்த் தமிழ். பாண் அடுப்பில் மணி அடித்ததும் “கெதியா, கெதியா” என்று நான்தான் வரிசை முழுக்கக் கத்திக்கொண்டு போவேன்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். மணிக்கூட்டையும் அடுப்பையும் காட்டி, கைதட்டி விளக்கினேன். விஷயத்தைப் பிடித்துக்கொண்ட ஹெக்டர் உடனே, “மார்த்தா, கோப்பி, கெதியா,” என்றார். மார்த்தா துவாயால் அவருக்கு ஒன்று போட்டார்.

சிரித்து முடித்த பிறகு கொஞ்சம் உறைத்தது. மூன்று வருடத்தில் அந்தப் பெண்கள் என் வாயிலிருந்து பொறுக்கியது அந்த ஒரு சொல்தான். மறுநாள் வகுப்பில், சந்தையும் ஹோட்டலும் வேண்டாம், களைப்பா, பிள்ளைகள் எப்படி, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லித் தாருங்கள் என மார்த்தாவிடம் கேட்டேன். மிச்ச நாள் முழுக்க அதுதான் பாடம்.

போக விரும்புபவர்களுக்குச் சில விஷயங்கள். தனியாகப் போங்கள், துணை வந்தால் தமிழில்தான் கதைப்பீர்கள். வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் போன் எடுங்கள். முதல் நான்கு நாள் தலையிடி வரும், ஐந்தாம் நாள் போய்விடும். குறைந்தது இரண்டு வாரம் வேண்டும். மிளகாய்த்தூள் கொண்டுபோனால் ஹெக்டர் சந்தோஷப்படுவார்.

திரும்பிய திங்கட்கிழமை, வரிசையில் மூத்தவரான லூப்பேயிடம் போய், களைப்பா, கொஞ்சம் இருங்கள் என்று ஸ்பானிஷில் சொன்னேன். இதுவரை என்னவெல்லாம் சொன்னோம் என்று ஆறு பேரும் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

“எப்போதிலிருந்து உங்களுக்கு ஸ்பானிஷ் விளங்கும்?” என்று மெல்லக் கேட்டார் லூப்பே.

“இரண்டு வாரம்தான்,” என்றேன்.

ஆறு பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். மதியம் சாப்பாட்டு அறையில் லூப்பே பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டு, பக்கத்தில் தட்டிக் காட்டினார். நானும் என் சாப்பாட்டுப் பெட்டியோடு போய் இருந்தேன்.