களனிப் பாலத்தில் திறந்த பெட்டி

போன முறை கொழும்புக்குப் போயிருந்தபோது வெள்ளவத்தையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். ஒன்றுவிட்ட அண்ணாவின் மகனுக்குக் கல்யாணம். குளிரூட்டிய மண்டபம், காது அடைக்கிற பாட்டு. மாப்பிள்ளையும் பொம்பிளையும் மேடைக்கு வருகிற நேரம் தரையிலிருந்து வெள்ளைப் புகை பொங்கி முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்கள். நான் எழும்பிப் போய், கதவடியில் ஐஸ்கிரீம் கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

"என்ன அன்ரி, புகைக்குப் பயமோ?" என்று ஒரு பெட்டை கேட்டாள்.

"இல்லையம்மா, ஐஸ்கிரீமுக்கு ஆசை" என்றேன்.

பயம் என்று சொல்ல முடியாது. அது புகையும் இல்லை. உறைந்த காபனீரொட்சைட்டு ஆவியாகும்போது காற்றில் உள்ள ஈரம் வெள்ளையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ட்ரை ஐஸ் என்பார்கள். என் வாழ்நாளில் அதை எத்தனையோ முறை கையாண்டிருக்கிறேன். ஆனாலும் கால்கள் எழும்பின, நான் அவற்றுக்குப் பின்னால் போனேன்.

யுத்த காலத்தில் கொழும்பில் வைரஸ் ஆராய்ச்சி நடந்தது என்றால் இப்போது என்னோடு வேலை செய்கிறவர்கள் நம்பமாட்டார்கள். நடந்தது. ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில், மழை பெய்தால் வாளி வைக்கிற இரண்டு அறைகளில். பல்கலைக்கழகப் படிப்பு முடித்த கையோடு எனக்கு அங்கே உதவி ஆய்வாளர் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் அறை எடுத்திருந்தேன். ரயில் போகும்போது தேத்தண்ணிக் கோப்பை தட்டில் நடுங்கும். வீட்டுக்காரர் என் பெயரைப் பொலிசில் பதிந்துவிட்டுத்தான் அறைத் திறப்பைத் தந்தார்.

அதே கிழமை வேலைக்குச் சேர்ந்தவள் ஜெசிந்தா. கொழும்பிலேயே பிறந்த கொட்டாஞ்சேனைக்காரி. தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். அவளுடைய தமிழைக் கேட்டு நான் சிரிப்பேன், என்னுடையதைக் கேட்டு அவள் சிரிப்பாள். நான் "எண்டு" என்றால் அவள் "எண்டு, எண்டு" என்று அறை முழுக்கச் சொல்லிக்கொண்டு நடப்பாள். சிங்களத்தில் மட்டும் நான் ஊமை. பஸ்ஸிலும் கடையிலும் சோதனைச் சாவடியிலும் எனக்காக அவள்தான் கதைப்பாள். காலையில் அவள் கொண்டுவருகிற மாலு பாணின் மீன் மணமும் மேசை துடைக்கிற ஸ்பிரிட்டின் மணமும் கலந்து வருவதுதான் எனக்கு ஆராய்ச்சியின் மணம். இப்போது நான் வேலை செய்கிற இடத்தில் ஒரு மணமும் இல்லை.

எங்கள் வேலை டெங்கு வைரஸ். குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த உயிர்க்கலங்களைப் போத்தல்களில் வளர்ப்போம். அவை போத்தலின் அடியில் ஒட்டிக்கொண்டு பரவும். கன்றுக்குட்டியின் இரத்தத்திலிருந்து எடுத்த நீரைத்தான் சாப்பாடாகக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிட்டுக்கொண்டு நான் அந்த வேலையைச் செய்வதைப் பார்த்து ஜெசிந்தா, "உனக்குத்தான் விரதம், அதுங்களுக்கு இல்லையே" என்பாள். வைரஸ் ஏறினால் கலங்கள் உருண்டையாகி, பிடியை விட்டு மேலே மிதக்கும். பின்னாளில், ஒரு கலம் தன் இடத்தை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதையே ஆராய்ந்து ஓய்வுவரை வந்துவிட்டேன். அதில் உட்பொருள் தேட வேண்டாம். எனக்குச் சம்பளம் கிடைத்த கேள்வி அது.

டெங்கு வைரஸின் உள்ளே இருப்பது ஆர்.என்.ஏ. அதுபோல் சீக்கிரம் கெட்டுப்போகிற பொருள் குறைவு. விரல் பட்டாலே போதும், சிதைந்துவிடும். அதனால் மாதிரிகளை உறையவைத்தே கொண்டுதிரிய வேண்டும்.

அந்த மழைக்காலம் முழுக்க களனி ஆற்றைத் தாண்டி வத்தளைக்கு அங்கால ஓர் ஆஸ்பத்திரியில், காய்ச்சல் வந்த பிள்ளைகளின் இரத்த மாதிரிகளை எங்களுக்காகச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவற்றை வைத்துத்தான் ஜெசிந்தா தன் பட்ட ஆய்வை முடிக்க வேண்டும். முடித்தால் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இடம் காத்திருந்தது. ஆனால் மின்வெட்டு கூடிக்கொண்டே போனது. ஆஸ்பத்திரிக் குளிர்பெட்டியை இனி நம்ப முடியாது, உடனே போய் எடுத்து வாருங்கள் என்றார் எங்கள் பேராசிரியர். அவர் சிங்களவர், நாங்கள் சேர் என்போம். ஆய்வுகூட வாகனம் பழுதாகிக் கிடந்தது. சிங்களத்தில் ஒரு கடிதம் எழுதித் தந்தார்.

ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கியிருக்கிற பக்கம் ஒரு கம்பனியில் ட்ரை ஐஸ் வாங்கி, குளிர் போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் போட்டுக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் சின்னக் குழாய்கள் எல்லாவற்றையும் அதற்குள் புதைத்தோம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜெசிந்தா பெட்டியை மடியில் வைத்திருந்தாள். தொடை விறைத்துப் போச்சு என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

களனிப் பாலத்துச் சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். ஒரு சின்னப் பெடியன், ஆமி உடுப்புக் கழுத்தில் தொளதொளவென்று நிற்க, பெட்டியைக் காட்டி, "மொனவாத மே?" என்று கேட்டான். என்ன இது என்று கேட்கிறான் என்பது வரை எனக்குத் தெரியும். ஜெசிந்தா என் காதுக்குள், "நீ சும்மா இரு, நான் கதைக்கிறேன்" என்றாள். கடிதத்தைக் கொடுத்தாள். நோயாளிகளின் இரத்தம், ஆராய்ச்சிக்கு என்று சொன்னாள். அவன் கடிதத்தைப் பார்க்கவில்லை. "அரின்ன" என்றான். அவள் மூடியைத் திறந்தாள்.

வெள்ளையாகப் பொங்கி வந்து அவளுடைய கையை மூடியது. அவன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்கள் படுத்தார்கள். பஸ் சனம் பாலத்தை நோக்கி ஓடியது. பாய்ந்தவன் வாய்க்காலுக்குள் விழுந்து, தொப்பி இல்லாமல் எழும்பினான். ஜெசிந்தா சிரித்துவிட்டாள். கேலி செய்ய அல்ல. யார் விழுந்தாலும் அவள் சிரிப்பாள், தானே விழுந்தாலும் சிரிப்பாள்.

பிறகு எங்களை முழங்காலில் இருத்தினார்கள். பெட்டி நடுவீதியில் திறந்தபடி கிடந்தது. குண்டு பார்க்கிறவர்கள் வரும்வரை ஒருவரும் அதற்குக் கிட்டப் போகக் கூடாது. உச்சி வெயில். வெள்ளை ஆவி மெல்ல மெல்லக் குறைவதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மூடச் சொல்லு" என்றேன்.

"சொல்லிட்டேன். கேக்கிறாங்க இல்ல."

கொஞ்ச நேரத்தில் ஆவி நின்றுவிட்டது. அந்த மழைக்காலம் முழுக்கச் சேர்த்தது அதோடு முடிந்தது. அப்போது எனக்குத் துப்பாக்கிகளைப் பற்றி ஒன்றும் தோன்றவில்லை. குழாய்கள் உருகுகின்றன என்று மட்டும் தோன்றியது.

பொலிசில் என் அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசத்தைப் பார்த்தார்கள். இனி வீட்டுக்கு இல்லை என்று நினைத்தேன். ஆனால் அதிகாரி என்னிடம் அதிகம் கேட்கவில்லை. எனக்குச் சிங்களம் தெரியாது, கேட்டதற்கெல்லாம் தலையைக் குனிந்தேன். அவர் பார்த்துப் பழகிய தமிழ்ப் பெட்டை நான். ஜெசிந்தாவைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் ஒவ்வொன்றையும் எனக்குத் தமிழில் சொன்னாள்.

"இவ்வளவு நல்லா சிங்களம் எங்க பழகினேன்னு கேக்கிறார்."

"என்ன சொன்னனி?"

"கொட்டாஞ்சேனையில பொறந்தா தானா வரும்னு சொன்னேன். ஏன் சிரிச்சேன்னும் கேக்கிறார்." அதற்கு என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்லவில்லை.

பின்னேரம் சேர் வந்தார், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு போக விட்டார்கள், ஜெசிந்தாவைத் தடுத்து வைத்தார்கள். தன் காரில் வெள்ளவத்தை வரை கொண்டுவந்து விட்டார். சந்தியில் இறங்கி இடியப்பம் வாங்கினேன். சொதி கூடத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது என்பது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

சில நாள் கழித்து ஜெசிந்தாவின் தகப்பன் வந்தார். ஆய்வுகூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல் நின்றார்.

"மகள், அந்தப் பெட்டிக்குள்ள என்னா இருந்திச்சு? எனக்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"சுகமில்லாத பிள்ளையளின்ர ரத்தம், அங்கிள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்.

அவளை வெளியே எடுக்கச் சேர் யார் யாரையோ போய்ப் பார்த்தார், எழுதினார். நான் என்னுடைய போத்தல்களோடு ஜெசிந்தாவின் போத்தல்களுக்கும் சாப்பாடு மாற்றினேன். கலங்கள் நன்றாகவே வளர்ந்தன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குச் சேர் விளக்கம் எழுதினார். அவர்கள் மரியாதையாகப் பதில் போட்டார்கள், இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்தார்கள்.

அடுத்த மழை தொடங்கியபோது அவளை விட்டார்கள். குற்றம் ஒன்றும் இல்லை. வேலைக்கு வந்த நாள் கையில் அந்த ரெஜிபோம் பெட்டி. பொலிஸ் அரக்கு முத்திரையோடு திருப்பிக் கொடுத்திருந்தது. திறந்தபோது வந்த நாற்றத்துக்கு நான் யன்னலடிக்குப் போனேன். அவள் அசையவில்லை. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கையுறை போட்டுக்கொண்டு, அந்தக் குழாய்களிலிருந்து முறைப்படி ஆர்.என்.ஏ. பிரிக்கத் தொடங்கினாள்.

"என்ன செய்யிறாய்? அதில ஒண்டும் இருக்காது" என்றேன்.

"தெரியும்."

"பிறகேன்?"

"பாக்கணும்."

ஒரு படியும் விடாமல் செய்தாள். பிரித்ததைத் தொட்டியில் வைத்த கூழ்த் தகட்டுக்குள் ஓடவிட்டு, பின்னேரம் அந்தத் தகட்டை இருட்டறையில் நீல ஒளிக்கு மேலே வைத்துப் பார்த்தோம். ஆர்.என்.ஏ. இருந்தால் ஒளிரும். அளவுக்காக ஓரத்தில் விட்ட மாதிரி மட்டும் கோடு கோடாக ஒளிர்ந்தது. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

"ஒண்ணும் இல்ல" என்றாள். படம் எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டினாள். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். மேலங்கியைக் கொழுவிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. மாமி ஒருத்தி இத்தாலியில் இருந்தாள், அவளிடம் அனுப்பிவிட்டார்கள் என்று தகப்பன் தொலைபேசியில் சொன்னார். சில காலத்தில் எனக்கும் வெளியே இடம் கிடைத்தது. போனேன்.

அந்த மேல்மாடி இப்போது இல்லை, இடித்து வாகனம் நிறுத்த விட்டிருக்கிறார்கள். நான் இருந்த வீட்டில் அடுக்குமாடி எழும்பி, கடல் தெரியாமல் போய்விட்டது. சேரும் காலமாகிவிட்டார். களனிப் பாலத்தில் மண்மூட்டை இருந்த இடத்தை நான் தேடிப் போகவில்லை.

கொரோனாக் காலத்தில் அவளுடைய இலக்கம் ஒருவர் மூலம் கிடைத்தது. எடுத்தேன். வயதானவர்களைப் பராமரிக்கிற வேலை, அன்றிலிருந்து அதேதான் என்றாள். கதை தடுப்பூசிக்கு வந்தது. அங்கே போட்டது ஆர்.என்.ஏ. ஊசி.

"போட்டாச்சு" என்றாள். "போட்ட நர்ஸ் சின்னப் பிள்ளை. நான் பயப்படுவேன்னு நெனச்சிருப்பா. பக்கத்துல உக்காந்து, பேப்பர்ல படம் கீறி, ஆர்.என்.ஏ.ன்னா என்னான்னு சொல்லித் தந்தா."

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்ணும் சொல்லல. கேட்டுக்கிட்டிருந்தேன்." பின்னால் ஒரு கிழவரின் குரல் கூப்பிட்டது. அவள் இத்தாலிய மொழியில் ஏதோ பதில் சொல்லிவிட்டு மறுபடி வந்தாள். "நல்லா சொன்னா. எனக்கு வெளங்குச்சு."

அவருக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.