குருடு என்று எழுதிய டப்பா

தெருவில் அவருக்கு லேசர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருந்தது. உலகத்தில் அவருக்குப் பிடித்தவை இரண்டே. ஒன்று, பழைய டிவிடி டிரைவ். மற்றது, தன்னுடைய வலது கண். பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அதில் முதல் ஆள் கூடப்பிறந்த தம்பி.

இருவருக்கும் கடை ஒன்றுதான். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. முன்பக்கம் தம்பி செல்போன் ரிப்பேர் செய்தான். பின்பக்கம் ஜன்னலோரமாக லேசரின் மேஜை. பேச்சுவார்த்தை நின்று ஆறு வருடம் ஆகிறது. அவர் இருமினால் தம்பி ரேடியோவின் சத்தத்தைக் கூட்டுவான். தம்பி தும்மினால் அவர் ஃபேனைக் கூட்டுவார். இந்த லட்சணத்தில் ஒரே கூரையின் கீழே காலம் தள்ளினார்கள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பதினான்கு வருடம் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பராமரித்தவர் லேசர். ஆபீஸ் புது மெஷின்களுக்கு மாறியது. பழைய டிரைவ்களையும் அவரையும் ஒரே நாளில் வெளியே அனுப்பினார்கள். அவர் சளைக்கவில்லை. முந்நூற்று எண்பது டிரைவ்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்து இறங்கினார். அன்று சொந்தக்காரர்கள் நாலு பேர் கடையில் இருந்தார்கள். அவர்கள் எதிரில் தம்பி சொன்னான்: "ஆபீஸ்ல குப்பைய வெளிய தள்ளுனாங்க. அது குப்பையையும் தூக்கிட்டு இங்க வந்துருச்சு."

சொந்த அண்ணனை 'அது' என்றான். நாலு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாயை லேசர் தம்பியிடம் திறக்கவே இல்லை.

அவசியமானால் தம்பி மனைவிதான் தூது. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு, "அவன்கிட்ட சொல்லும்மா, வாசல்ல வண்டிய மறிச்சு நிறுத்த வேணாம்னு" என்பார். அவள் தலையெழுத்தே என்று திரும்பி அதையே தன் புருஷனிடம் சொல்லுவாள். பதில் அதே வழியில் வரும். தெருவே இதைப் பார்த்துச் சிரித்து, பிறகு சிரிப்பதையும் மறந்துவிட்டது.

டிரைவ் ஒன்றை அவர் பிரிப்பதைப் பார்க்க வேண்டும். நாலு ஸ்க்ரூ, மூடி, உள்ளே தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, அதில் ஓடும் லென்ஸ் வண்டி. அந்த வண்டியின் வயிற்றில் மிளகளவு லேசர் டயோடு, மயிரிழைபோல மூன்று கால்களோடு உட்கார்ந்திருக்கும். விரலில் இருக்கிற நிலைமின்சாரம் பட்டாலே அது செத்துவிடும். அதனால் முதலில் மெல்லிய செம்புக் கம்பியால் மூன்று கால்களையும் சேர்த்துச் சுற்றுவார். பிறகுதான் ஈயப்பற்றை உருக்கச் சூட்டுக்கோலை வைப்பார். வாட்ச் ரிப்பேர்காரர்கள் போல வலது கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு செய்கிற வேலை இது. இடது கண் சின்ன வயதிலிருந்தே மந்தம். ஆள் தெரியும், கம்பி தெரியாது. வலது கண் போனால் லேசரும் போச்சு. அது அவருக்கும் தெரியும், தம்பிக்கும் தெரியும்.

இரண்டு டிரைவ்களின் மோட்டாரையும் ஒரு டயோடையும் வைத்து, மரத்தில் எழுத்துச் சுடும் சின்ன மெஷின் ஒன்றைச் செய்திருந்தார். சாவிக்கொத்துக்குப் பெயர் சுட்டு வாங்க ஆட்கள் வந்தார்கள். தம்பியைத் தாண்டித்தான் வரவேண்டும் என்பதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

மேஜைக்கு மேலே, பலகையில் மூன்று டப்பாக்கள். ஒவ்வொன்றிலும் அவரே எழுத்துச் சுட்ட மரவில்லை தொங்கும். 'உயிர்' என்றால் சிவப்பாக எரியும் நல்ல டயோடு. 'செத்தது' என்றால் மின்சாரம் கூடிக் கருகியது. அதிலும் மங்கலாக ஒரு சிவப்பு வரும், ஆனால் அதில் எந்தச் சூடும் இல்லை. மூன்றாவது டப்பாவில் 'குருடு'. சிடி எழுதுகிற டயோடு அது. மரத்தைப் பொசுக்குகிற ஒளிதான், ஆனால் கண்ணுக்குப் பிடிபடாது. உற்றுப் பார்த்தால் மங்கலாக ஒரு சிவப்புப் பொட்டு, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒளிக்குக் குருடு என்று அவரே பெயர் வைத்தார். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. தம்பி என்கிற அந்த முட்டாளுக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார்.

ஒரு திங்கட்கிழமை லேசர் பேங்குக்குப் போயிருந்த நேரம், தம்பிக்குச் செல்போன் ஸ்க்ரூ போட ஒரு டப்பா வேண்டியிருந்தது. பின்பக்கம் வந்தான். பலகையைப் பார்த்தான். குருடும் செத்ததும் ஒன்றுதானே, உருப்படாதது உருப்படாததோடு இருக்கட்டும் என்று நினைத்து, 'குருடு' டப்பாவில் இருந்ததைச் 'செத்தது' டப்பாவில் கொட்டிவிட்டுக் காலி டப்பாவை எடுத்துப் போனான். சொல்லியிருக்கலாம். பேசாத ஆளிடம் எப்படிச் சொல்ல? மனைவி வழியாகவாவது சொல்லியிருக்கலாம். ஒரு டப்பாவுக்கு அண்ணனிடம் அனுமதி கேட்பதா என்று வீம்பு.

திரும்பி வந்த லேசர், 'குருடு' டப்பா போனதைப் பார்த்தார். உள்ளே இருந்ததோடு தூக்கிப் போய்விட்டான் என்று பல்லைக் கடித்தார். நேரே போய்க் கேட்டிருக்கலாம். அவரும் கேட்கவில்லை.

நல்ல டயோடை எரியவைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அவர் உட்கார்ந்ததே கிடையாது. செத்ததை மட்டும் அப்படியே பூதக்கண்ணாடிக்குக் கீழே பிடித்து, மெல்ல மின்சாரம் கொடுத்து, எங்கே கருகியிருக்கிறது என்று பார்ப்பார். பொழுதுபோக்கும் அதுதான், படிப்பும் அதுதான். அன்று மாலை 'செத்தது' டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். மங்கலாகச் சிவப்புத் தெரிந்தது. செத்ததில் எப்போதும் தெரிகிற சிவப்பு. இன்னும் தெளிவாகத் தெரியட்டும் என்று குமிழைக் கொஞ்சம் திருப்பினார். குனிந்து பார்த்தார்.

வலிக்கவில்லை. தலையைத் தூக்கியபோது ஜன்னலின் நடுக்கம்பியைக் காணோம்.

டாக்டர் அரைமணி நேரம் பார்த்தார். வலது கண்ணில் பார்வையின் மையம் வெந்துவிட்டது, ஓரம் மட்டும் தெரியும், போனது திரும்பாது என்றார். கூட வந்த தம்பி மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் அவள்தான் அழுதாள். 

மறுநாள் காலையில் மேஜையில் உட்கார்ந்து பூதக்கண்ணாடியை இடுக்கினார். டயோடைப் பார்த்தார், டயோடு இல்லை. கம்பியைப் பார்த்தார்; கம்பி இல்லை. எதைப் பார்க்கிறாரோ அது இல்லை. கழற்றி மேஜையில் வைத்தார். 

தடுப்புக்கு இந்தப் பக்கம் தம்பி வந்து நின்றான். கையில் அந்த டப்பா. மரவில்லை இன்னும் அதில் தொங்கியது.

"குருடுன்னு எழுதி வெச்சா நான் என்னன்னு நெனக்கிறது?" என்றான். ஆறு வருடத்துக்கு அப்புறம் முதல் பேச்சு. அதுவும் சண்டையாகத்தான் வந்தது. "டப்பா எங்கடான்னு ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருப்ப?"

"எடுத்தவன் சொல்லணும்."

"நீதான் பேசலையே."

லேசர் நாற்காலியைத் திருப்பினார். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் தம்பியை நேருக்கு நேர் பார்த்தார். கடை தெரிந்தது, தடுப்பு தெரிந்தது, சட்டையும் இரண்டு காதுகளும் தெரிந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இத்தனை வருடமாக அவர் ஆசைப்பட்டது இந்த முகத்தைப் பார்க்காமலிருக்கத்தான்.

"இப்ப சொல்லு," என்றார். "கேக்கறேன்."

  என்ன செய்கிறான் என்று பார்க்க இடது கண்ணைத் திறந்தார். தம்பி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தான்.

லேசர் இடது கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.